ஒன்பதாம் காலாட்படையின் கதவு

இறந்தவர்களிடம் பேசுவதற்குத் திங்களும் வியாழனும் மட்டுமே அனுமதி. அதனால் வியாழன் காலை ஏழு மணிக்கே நிறைமொழி நினைவகத்தின் வாசலில் வரிசையில் நின்றுவிட்டாள். கையில் குடும்ப அட்டையின் நகல், மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, கொள்ளுத்தாத்தாவின் படை எண். அவளுக்கு முன்னால் நின்றவர், வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்தான் என்று, சிப்பாயாக இருந்து செத்துப்போன தம்பியிடம் கேட்க வந்திருந்தார்.

செவ்வாய்க் கிரகத்தின் நிலத்தடிக் குடியேற்றத்தில் ஆழம்தான் அந்தஸ்து. தரைக்கு நெருக்கமான முதல் தளத்தில் கதிர்வீச்சு கசியும். கீழே போகப் போகப் பாறை காக்கும். நிறைமொழியின் ஒன்பது வயது மகள் பவளக்கொடிக்கு ஆறு மாதமாக மூக்கில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. "அஞ்சாம் தளத்துக்கு மாறிடுங்க. வேற மருந்து கிடையாது" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஐந்தாம் தளமோ ஒன்பதாம் காலாட்படை வீரர்களின் வாரிசுகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. பூமிக் கணக்கில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த உள்நாட்டுப் போரில், வடக்குக் குடியேற்றத்தின் படை உள்ளே நுழையாதபடி மூன்று நாள் அத்தளத்தின் காற்றுக்கதவைக் காத்தது அந்தப் படை. பள்ளியில் எல்லோரும் படித்த பாடம் அது.

நிறைமொழி நான்கு மாதம் அலைந்தாள். பிறப்புப் பதிவுகளைப் புரட்டினாள். அம்மாவின் பெட்டி அடியில் கிடந்த உலோகத் தகட்டைச் சுரண்டி எண்ணைப் படித்தாள். அந்த எண் கடைசியில் சங்கிலிமுத்து என்ற சிப்பாயிடம் கொண்டுபோய் விட்டது. போர் முடிந்த மறு ஆண்டே அவர் ஐந்தாம் தளத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்து, பெயரையும் மாற்றிக்கொண்டு, முதல் தளத்துக்கு ஏறி வந்திருந்தார். எதற்காக என்று எந்த ஆவணத்திலும் இல்லை.

அந்தக் காலம் முதலே சிப்பாய்கள் ஒவ்வொருவர் பிடரியிலும் நினைவுவில்லை ஒன்று பதிப்பது வழக்கம். ஆள் இறந்ததும் அது நினைவகத்துக்கு வந்துவிடும். வாரிசு அதைத் தன் பிடரியில் ஒட்டிக்கொண்டால் இறந்தவர் மண்டைக்குள் பேசுவார். படையில் இருந்ததை அவரே தன் வாயால் சொன்னால்தான் சான்றிதழ்.

"பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான்" என்றார் எழுத்தர் சூசைமரியான்.

குளிர்ந்தது. பிறகு ஒரு கிழக்குரல், மனப்பாடப் பகுதி ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தது.

"நான் சங்கிலிமுத்து, ஒன்பதாம் காலாட்படை. உணவின்றி, உறக்கமின்றி, கடைசி மூச்சுவரை காற்றுக்கதவைக் காத்து நின்றோம்."

நிறைமொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதத் தேர்வுக்குப் பவளக்கொடி உருப்போட்ட அதே வரி. பாடநூல் எழுதப்பட்டது இவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.

"கொள்ளுத்தாத்தா, இது புத்தகத்துல இருக்கற வரியாச்சே. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

"மொத மொத வந்த பேரன் வாசிச்சுக் காட்டினான், தாயி. இப்படிச் சொன்னாத்தான் சீட்டு கெடைக்கும்னான்."

"அப்ப, நெசமா நடந்தது என்ன?"

"வடக்குப் படை வரவே இல்ல. வந்தது மேல்தளத்துச் சனம். நம்ம சனம்தான். மேல கூரை ஒடஞ்சு காத்து போய்க்கிட்டு இருந்துச்சு. அவங்கள உள்ள விட்டா கீழ இருக்கறவங்களுக்குக் காத்து பத்தாதுன்னு உத்தரவு. நாங்க முப்பது பேரு கதவுக்கு இந்தப் பக்கம் துப்பாக்கியோட நின்னோம். ஒரு குண்டுகூடச் சுடல. அவங்க தட்டிக்கிட்டே இருந்தாங்க. மொத நாள் உள்ளங்கையால. மூணாம் நாள் வெறும் விரலால. சில தட்டு முழங்கால் ஒசரத்துல கேட்டுச்சு, தாயி."

நிறைமொழி மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை நாலாக மடித்தாள்.

"சத்தம் நின்னதும் ஜெயிச்சாச்சுன்னாங்க. எனக்கு அங்க இருப்புக் கொள்ளல. மேல வந்துட்டேன். உனக்கு முன்னால ஆறு பேரு வந்தாங்க. எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் கேட்டேன். இப்பவாச்சும் அந்தக் கதவு தொறந்து கெடக்கா?"

"எம் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல தாத்தா" என்று மட்டும் சொன்னாள்.

"சரி தாயி. மொத சொன்னதையே எழுதிக்கச் சொல்லு" என்றது குரல்.

வில்லையை எடுத்ததும் சூசைமரியான் அவள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டாவதா ஏதோ சொல்லியிருப்பாரே. அது பதிவுல சேராதும்மா. ஒம்பதாம் படைக்காரங்க அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்க."

"கேட்டதுக்கப்புறமும் எல்லாரும் வாங்கிட்டா போனாங்க?"

"வேணாம்னு திரும்பிப் போனவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல" என்றபடி அவர் முத்திரையை எடுத்தார். நிறைமொழி கையை நீட்டினாள்.

ஐந்தாம் தளத்து வீட்டில் சுவர்கள் ஒரு முழக் கனம். இரண்டாவது வாரமே பவளக்கொடியின் மூக்கில் இரத்தம் நின்றது. நிறைமொழி நடந்ததையெல்லாம் கணவன் பரிதிவேலிடம் சொல்லி அழுதாள். அவன் கேட்டுவிட்டு, "கொழந்த சோறு கேட்டுச் சாப்பிடுறா, பாத்தியா" என்றான்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டில் கேசரியோடு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய ஒலிப்பெட்டியா ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. கதிர்ப்புயல் அன்னிக்கு வேணும்" என்றாள். எதற்கென்று நிறைமொழி கேட்கவில்லை. மறுநாளே வாங்கி வந்துவிட்டாள்.

மூன்றாம் மாதம், ஒரு பிற்பகலில் புயல் சங்கு ஊதியது. தளத்தின் இரும்புக் காற்றுக்கதவு உருண்டு மூடிக்கொண்டது. அது அடைந்த கணமே வீட்டுக்கு வீடு பாட்டு கிளம்பியது. ஒரு வீட்டில் நாதஸ்வரம், ஒரு வீட்டில் அம்மன் பாட்டு, ஒரு வீட்டில் வெறும் தவில். இவர்கள் வீடுதான் கதவுக்கு அடுத்த வீடு.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பவளக்கொடி தலையைத் தூக்கினாள்.

"அம்மா, யாரோ தட்டறாங்க."

பரிதிவேல் மனைவியைப் பார்த்தான். நிறைமொழி எழுந்து கதவுப் பக்கச் சுவரருகே போய் ஒரு நிமிடம் நின்றாள். அவளுக்கும் கேட்டது. தாழ்வாக, முழங்கால் உயரத்திலிருந்து.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க, கண்ணு. நீ எழுது" என்று சொல்லிவிட்டு, ஒலிப்பெட்டியின் குமிழை முழுவதும் திருப்பினாள்.