கூட்டத்தில் ஒன்று குறைந்தது

பதினேழாவது படத்தில் ஒரு கேலக்ஸி குறைந்தது. லோகப்பிரியா மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். தொண்டாமுத்தூர்த் தோப்பில், தென்னோலை உரசும் சத்தமும் தண்ணீர் பாய்ந்த மண்ணின் வாசமும் சூழ்ந்திருக்க, மூன்று நிமிடத்துக்கு ஒன்றாகத் தொலைநோக்கி தானே படம் எடுத்துக்கொண்டிருந்தது. எள்ளை இறைத்தது போன்ற அந்தக் கேலக்ஸிக் கூட்டம் முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. அதில் ஒன்று எங்கே போகும்?

தனிப்படங்களை அவள் பார்ப்பதே இல்லை. மொத்தமாக மென்பொருளிடம் கொடுத்துவிடுவாள். விமானமோ செயற்கைக்கோளோ, மற்றப் படங்களோடு ஒத்துவராததை அது அழித்து, எல்லாவற்றையும் அடுக்கி, அழகான ஒரே படமாகத் தரும். பாவம், அவள் அதை நம்பிவிட்டாள். இன்றுதான் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பத்தாவதில், ஓர் ஓரத்தில், கடுகளவு கறுப்பு. பதினைந்தில் மிளகளவு. போன மாதப் படங்களிலும் இருந்தது, ஊசிமுனையாக, இடம் மாறி மாறி.

பதினெட்டு வந்தது. பாதிக் கூட்டம் இல்லை. மேகமென்றால் ஓரம் மங்கும். இதன் ஓரம் வெட்டினாற்போல் இருந்தது.

கணவன் தம்பிதுரை மோட்டார் ரூம் பல்பை அணைக்கப் போயிருந்தான். வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்று அனுப்பியவள் அவள்தான். போனில் கூப்பிட்டு உடனே வரச் சொன்னாள்.

"வந்துட்டுத்தான் இருக்கேன் அம்மணி. நீ எதுக்கு லேப்டாப்பையும் அணைச்சுப்போட்டே? யானைக்குப் பயந்துட்டியாக்கும்?"

லேப்டாப் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அணைக்கலீங்க மாமா. எரியுதுங்க. டார்ச்சப் போடுங்க."

"போட்டுட்டுத்தான வாரேன்."

தென்னைகளுக்கு நடுவே எங்கும் வெளிச்சமில்லை. போனோடு ஓடினாள். அறுபதே அடி. மோட்டார் ரூம் சுவர் கையில் தட்டியது. பல்பு இன்னும் சூடாக இருந்தது. ஆள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். ஓலைச் சத்தம் நின்றிருந்தது. தவளை இல்லை. மண்வாசம்கூட இல்லை. போனில் மட்டும் அவன் செருப்புச் சத்தம்.

"எத்தன நேரந்தான் நடக்கறது? தோப்பையுங் காணம், உன்னையுங் காணம்."

திரும்பி ஓடிவந்தாள். பத்தொன்பது வந்திருந்தது. முழுக் கறுப்பு. நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. நடப்பவன் கையில் டார்ச் ஆடியதுபோல் மேலும் கீழும் இழுபட்டிருந்தது.

இருபது. புள்ளி சிறுத்திருந்தது.

"இதா, வாரேன் அம்மணி," என்றான், மூச்சு வாங்க.

இருபத்தொன்று. எள்ளளவு.