மருந்து ஏறாத கை

பிணத்தின் மேல் ஒரு ஈ கூட உட்காரவில்லை. அறைக்குள் நுழைந்ததும் கண்ணாயிரம் கவனித்தது அதைத்தான்.

வெளியே கூடத்தில் ஈக்களுக்குப் பஞ்சமில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர்களின் விளிம்பிலும், அழுது ஓய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் உதட்டோரத்திலும் அவை மொய்த்தன. ஆனால் கதவு திறந்தே கிடந்த இந்த அறைக்குள், சுவரோரம் பெஞ்சில் வெள்ளைச் சேலை போர்த்திக் கிடந்த ரீத்தாவை நோக்கி ஒன்று கூட வரவில்லை. கண்ணாயிரம் மூக்கை உறிஞ்சினான். மழை ஊறிய சுவரின் வாடை, ஊதுவத்திப் புகை, அவற்றுக்கு அடியில் மெலிதாக, பூண்டும் கெட்டுப்போன மீனும் கலந்தாற்போல் இன்னொரு வாடை.

"நெல்லு மூட்டைக்குள்ள வைக்கிற மாத்திரை," என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டான். "ஈ கூட சீந்தாத சாவு."

இருபத்திரண்டு வருடம் வேறு மாவட்டத்தில் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தவன் அவன். இப்போது சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்துக்கொண்டு, தியாகதுருகத்திலிருந்து திருநாவலூர் வரை எந்த வீட்டில் பிணத்தை நாலு நாள் கெடாமல் வைக்க வேண்டுமென்றாலும் பார்மலின் கேனோடு போய் நிற்பான். செத்தவர்களில் அவனுக்கு இரண்டே சாதி. ஒழுங்காகச் செத்தவர்கள், விஷம் குடித்தவர்கள். முதல் சாதி மேல் அவனுக்கு மரியாதை கிடையாது, அவ்வளவுதான். இரண்டாவது சாதியைக் கண்டாலே காறித் துப்பத் தோன்றும். வாழவும் துப்பில்லை, சாகும்போதாவது அடுத்தவனுக்கு வேலை வைக்காமல் சாகவும் தெரியவில்லை. விஷப் பிணத்தில் எதுவும் சொன்னபடி கேட்காது. விறைக்க வேண்டிய நேரத்தில் விறைக்காது. ரத்தம் உறைய வேண்டியது தண்ணீராக ஓடும். ஏற்றுகிற மருந்து ஓர் இடத்தில் தேங்கும், ஓர் இடத்துக்குப் போகவே போகாது.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. புயல் மழையில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, ஐஸ் பெட்டி வைத்துப் பயனில்லை. ரீத்தாவின் அண்ணன் பிலவேந்திரன் குவைத்திலிருந்து வருவதற்கு மறுநாள் ராத்திரி ஆகிவிடும். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் புதைக்கக் கூடாது என்று போனில் கத்தியிருந்தானாம்.

ரீத்தாவின் புருஷன் ஆசீர்வாதம் வாசற்படியில் நின்றான். பள்ளிக்கூடத்தில் கிளார்க். இஸ்திரி போட்ட சட்டை. அழுத கண்ணாகத் தெரியவில்லை.

"டாக்டர் பாத்தாரா?" என்றான் கண்ணாயிரம்.

"பக்கத்து ஊரு கம்பவுண்டர் வந்து நாடி புடிச்சிப் பாத்தாருங்க. இல்லன்னுட்டாரு. காலைல ஆறு மணி இருக்கும். நெஞ்சு வலிங்க."

"நெஞ்சு வலி." கண்ணாயிரம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "சர்டிபிகேட்டு?"

"நாளைக்கு வாங்கிடறேங்க." ஆசீர்வாதம் குரலைத் தாழ்த்தினான். "இந்த மருந்து ஏத்திட்டா... அப்பறம் உள்ள இன்னா இருந்துச்சின்னு கண்டுபுடிக்கறது கஷ்டமாமே?"

கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்தது. எல்லா வீட்டிலும் ஒருத்தன் இதைக் கேட்பான், ஏதோ இவன்தான் உலகத்தில் முதல் முதலாகக் கண்டுபிடித்த மாதிரி.

"கதவச் சாத்திக்கினு போய் உக்காரு. ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

இந்தக் குடும்பமும் ஒரு குடும்பம் என்று நினைத்தபடி ஜன்னலைத் திறந்து வைத்தான். மாத்திரைக் காற்று மூக்கில் ஏறினால் தலை வலிக்கும். திறந்தும் வலித்தது. மணி பத்தரை. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் அறைக்குள் வந்து, ரீத்தாவின் நெற்றியிலும் மூடிய இமைகளிலும் விழுந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும்.

கையைத் தூக்கிப் பார்த்தான். துவண்டு விழுந்தது. நாலரை மணி நேரம் ஆகியும் தாடை கூட இறுகவில்லை. விஷம், என்றான். கக்கத்தில் கை வைத்தான். இளஞ்சூடு. உள்ளே மாத்திரை வெந்துகொண்டிருக்கும், என்றான். எதற்கும் அவனிடம் பதில் இருந்தது. இந்த ஜில்லாவிலேயே விஷப் பிணத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எந்த டாக்டருக்கும் தெரியாது என்பது அவன் எண்ணம். அதை யாராவது கேட்டால் சொல்லலாம், கேட்கத்தான் ஆளில்லை.

வாயோரம் நுரை கோத்திருந்தது. துணியால் துடைத்தான். மறுபடியும் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அப்போது அவள் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது. பாத்திரத்தில் கஞ்சி கொதிக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். அதன் முடிவில் மெல்ல ஓர் 'அ'.

காற்று. பிணத்திலிருந்து காற்று வெளியேறுவது அவனுக்குப் புதிதல்ல.

"மூடுடி வாய," என்றான் கண்ணாயிரம். "உயிரோட இருந்தப்ப பேசியிருக்கணும்."

இடது கையால் அவள் தாடையைப் பிடித்து, கட்டை விரல் ஒரு கன்னத்திலும் மற்ற விரல்கள் மறு கன்னத்திலும் புதையும்படி அழுத்திப் பல்லோடு பல்லைச் சேர்த்தான். சத்தம் நிற்கும்வரை பிடித்திருந்தான். பிறகு துணியைக் கிழித்துத் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினான்.

கழுத்தில் கீறினான். ரத்தம் பீறிடவில்லை, கசிந்தது. கேனை உத்திரத்துக் கொக்கியில் மாட்டிக் குழாயைச் செருகித் திருகினான். மருந்து இறங்கத் தொடங்கியது. கீழே வாளியில் ரத்தம் வடிந்தது. கறுப்பாக, கட்டியே இல்லாமல், தண்ணீர் போல. பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. வெளியே யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெஞ்சை ஒட்டி உட்கார்ந்தான். கால்கள் இறுகின. வலது கை இறுகியது. இடது கைக்கு மட்டும் மருந்து போகவில்லை. தேய்த்துப் பார்த்தான், மடக்கி நீட்டினான். மெத்தென்றே கிடந்தது. விஷப் பிணத்தின் வழக்கமான தகராறு. ரத்தக் குழாய் எங்கேயோ சுருங்கியிருக்கும். சனியன், இருக்கட்டும், சேலையால் மூடிவிடலாம். கையைப் பெஞ்சின் ஓரத்தில், தன் பக்கமாகவே விட்டான்.

ரத்தம் வடிய வடிய ரீத்தாவின் முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தில் ஏதோ தெரிந்தது.

முதலில் அழுக்கென்று நினைத்தான். ஈரத் துணியால் துடைத்தான். போகவில்லை. இடது கன்னத்தில் ஒரு நீலப் புள்ளி. வலது கன்னத்தில் மூன்று. இல்லை, நான்கு. தோலுக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தன, வெள்ளைத் துணியில் மை ஊறுவது போல.

ரத்தக்கட்டு. ரத்தம் வடிந்தபின் பழைய அடியெல்லாம் தெரியவரும், அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஓஹோ, என்றான். புருஷன்காரன் வேலை. வாயைப் பிடித்து மாத்திரையை உள்ளே போட்டிருக்கிறான் இஸ்திரிச் சட்டைக்காரன். நாலு காசு சம்பளம் வாங்கினால் புத்தி இப்படிப் போகும். எழுந்து நன்றாகக் குனிந்து பார்த்தான். விரல் தடம் ஒவ்வொன்றும் அச்சாக இருந்தது.

விளையாட்டாகத்தான் தன் கையை அதன் மேல் வைத்தான். இடது கையை.

கட்டை விரல் அதன் இடத்தில் பொருந்தியது. ஆள்காட்டி விரல். நடு விரல். மோதிர விரல், அதில் போட்டிருந்த செப்பு மோதிரத்தின் வளைவோடு. சுண்டு விரல்.

கையை எடுத்தான்.

செத்த உடம்பில் ரத்தம் கட்டாது. எவ்வளவு அழுத்தினாலும் கட்டாது. இருபத்திரண்டு வருடம். அதைத் தெரிந்துகொள்ள டாக்டர் வேண்டாம்.

மழைச் சத்தம். ஜெபச் சத்தம். வாளியில் சொட்டுகிற சத்தம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள். நைனார்பாளையத்துக்காரன் ஒருவன், இதே மாத்திரை. நாடியே இல்லை. பிரஷர் பார்க்கிற கருவி எதையும் காட்டவில்லை. கை கால் சில்லிட்டுக் கிடந்தான். ஆனால் கண்ணைத் திறந்து, தண்ணி குடுங்க என்றான். தெளிவாக. நர்சு அலறினாள். இந்த விஷத்தில் நாடி போனாலும் ஆள் இருப்பான் என்று டாக்டர் சொன்னார். கண்ணாயிரம் அன்று வாய்விட்டுச் சிரித்தான்.

அந்த 'அ'.

குழாயை மூட வேண்டும். மூட வேண்டும். கேனை அண்ணாந்து பார்த்தான். காலி. முழுவதும் இறங்கியிருந்தது.

கதவுப் பக்கம் திரும்பி ஓர் அடி வைத்தான். நகர முடியவில்லை. சட்டை பின்னாலிருந்து இழுபட்டது. ஆணியில் மாட்டியிருக்கும். பெஞ்சில் ஆணி. இழுத்தான். வரவில்லை. குனிந்து பார்த்தான்.

ரீத்தாவின் இடது கை. மருந்து ஏறாத கை. சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. நான்கு விரலும் மடங்கி, கட்டை விரல் மேலே பூட்டி.

அவள் முகம் மரம். கண் மூடியபடி. மார்பில் அசைவில்லை.

கதவு திறந்தது.

"முடிஞ்சிதாங்க?" ஆசீர்வாதம் உள்ளே வந்தான். கண்ணாயிரத்தின் முகத்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். அவன் திடுக்கிடவில்லை. கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினான்.

"தம்பி," என்றான் கண்ணாயிரம். "தம்பி, இது... நான் வந்தப்ப இந்தப் பொண்ணு..."

"என்னையும் காலைல இப்பிடித்தாங்க புடிச்சிக்கினா," என்றான் ஆசீர்வாதம். "வுடவே மாட்டேன்னா. பாதர் வந்துக்கினு இருக்காரு. வெரல ஒடைச்சி எடுத்துடுங்க."

கண்ணாயிரம் அவளுடைய சுண்டு விரலில் கை வைத்தான். சூடாக இருந்தது. மெல்ல நிமிர்த்தப் பார்த்தான்.

விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.