கறுத்த காம்புகளின் வழி

"இன்னொரு ராத்திரி அவ தாங்க மாட்டா. கெளம்பு!" என்றார் மருதை மாமா.

திங்கட்கிழமை விடிந்தும் தொப்பிமலை தெரியவில்லை. பனிமூட்டம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைவரை இறங்கிக் கிடந்தது. ஞாயிறு காலை அந்த மலையின் உச்சியைப் பார்க்கப் போன தெய்வானை இன்னும் திரும்பவில்லை. முப்பத்தாறு வருடம் அதன் அடியில் கொழுந்து பறித்தவள், ஒருநாளும் மேலே ஏறியதில்லை. போன வாரம் கொழும்பிலிருந்து வந்த பெண்ணொருத்தி, உச்சியிலிருந்து எடுத்த படத்தை போனில் காட்டி, "எவ்வளவு வடிவான ஊர் உங்கட ஊர்!" என்றாள். அன்றிலிருந்து தெய்வானைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பொலிசுக்குச் சொல்லியாயிற்று. மூட்டம் விலகினால் வருகிறோம் என்றார்கள். மூட்டம் எப்போது விலகும்?

மூன்று பேர் புறப்பட்டார்கள். தெய்வானையோடு கொழுந்து பறிக்கும் மகள் யோகமலர், தெய்வானையின் அண்ணன் மருதை, அவர் மகன் கிங்ஸ்லி. ஒரு கயிறு, தேயிலைச் செடி வெட்டும் மருதையின் கவ்வாத்துக் கத்தி, ஒரு போத்தல் பால் விடாத சாயத்தண்ணி. அவ்வளவுதான்.

"அத்த சுற்றுலாக்காரங்க போற கேட் வழியா போயிருப்பாங்களோ?" என்றான் கிங்ஸ்லி.

"தேஞ்ச செருப்போட அங்க போய் நிக்க அவ கூச்சப்படுவாடா. மூடுன டிவிஷன் வழியாத்தான் ஏறியிருப்பா."

முப்பது வருடமாக ஆள் நுழையாத தோட்டம் அது. வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் மரமாகி நின்றன. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காலெல்லாம் அட்டை.

"அட்டைக்கு இன்னிக்குத் தீவாளி," என்றான் கிங்ஸ்லி.

கூரை இழந்த கோயிலொன்றைத் தாண்டியதும் யோகமலர் கத்தினாள். "மாமா! இங்க பாருங்க!"

தாழ்ந்த கிளையொன்றில் கொழுந்து கிள்ளப்பட்டிருந்தது. ரெண்டு இலை, ஒரு மொட்டு. சுத்தமான கிள்ளல்.

"மிருகம் கடிச்சதில்ல. கை!" என்றார் மருதை.

"அம்மாதான். நடந்தா அவ கை சும்மா இருக்காது."

ஓடினார்கள். அடுத்த கிள்ளல், அதற்கடுத்தது. மூட்டத்தில் தடம் தவறிச் சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறி... முன்னால் அதே கோயில்! கிள்ளல்களைப் பிடித்துத் திரும்பவும் போனார்கள். திரும்பவும் அதே கோயில்!

"அத்த என்னா, ரவுண்டா சுத்துனாங்களா?" என்ற கிங்ஸ்லி, யோகமலரைப் பார்த்து நின்றுவிட்டான். "ஏய் யோகு. ஒன் இடுப்புல என்னாடி?"

அவள் குனிந்து பார்த்தாள். சேலை மடி நிறையக் கொழுந்து. அவளுக்குத் தெரியாமலே அவள் கை பறித்துக்கொண்டு வந்திருக்கிறது! அவள் கிள்ளிய தடத்தையே அவர்கள் சுற்றிச்சுற்றித் துரத்தியிருக்கிறார்கள்.

"நாசமாப் போச்சு!" மருதை தலையிலடித்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம்!"

யோகமலர் மடியை உதறினாள். அழுகை வந்தது. கீழே விழுந்த கொழுந்தைப் பார்த்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"இருங்க மாமா. நான் கிள்ளுன எடம் பச்சையா, ஈரமா இருக்கு. அம்மா கிள்ளுனது நேத்து. காம்பு கறுத்திருக்கும்! கறுத்தத மட்டும் பாருங்க!"

"நீ மறுபடி கிள்ளுவியே?"

"கயித்தக் குடுங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறேன்."

கறுத்த காம்புகள் நேராக மேலே போயின. தேயிலை மெலிந்தது, புல் வந்தது, பாறை வந்தது. கடைசிச் செடியில் கிள்ளல் இல்லை. ஒரு கிளையே முறிந்து தொங்கியது. அதற்கப்பால் பாறை விளிம்பு, பிறகு வெறும் வெள்ளை.

யோகமலர் விளிம்பில் குப்புறப் படுத்துக் கத்தினாள். "அம்மா!"

"கத்தாத. கேக்குது," என்றது கீழேயிருந்து ஒரு மெல்லிய குரல்.

பன்னிரண்டடி கீழே, பாறை இடுக்கில் தெய்வானை கிடந்தாள். வலது கணுக்கால் திரும்பியிருந்தது. உதடு நீலம். கிங்ஸ்லி கயிற்றில் இறங்கி அவளைக் கட்டினான். மேலே இரண்டு பேரும் உள்ளங்கை கிழிய இழுத்தார்கள். சாயத்தண்ணி இரண்டு மடக்கு இறங்கிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"உச்சியப் பாத்தியாம்மா?"

"மூட்டத்தத்தான் பாத்தேன். விடிய விடிய."

கிங்ஸ்லி அவளை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பியபோது காற்று அடித்தது. வெள்ளை கிழிந்தது.

"டேய், திருப்புடா என்னய!"

திருப்பினான். கீழே பச்சை, பச்சைக்குள் பச்சை. நடுவே ஓடை ஒரு நூல். தெய்வானை கண்ணைச் சுருக்கித் தேடினாள்.

"நம்ம லயம் எங்க?"

மருதை ஒரு பழுப்புப் புள்ளியைக் காட்டினார். "அது மாட்டுத் தொழுவம்ப்பா," என்றான் கிங்ஸ்லி. அவனும் தேடினான். கிடைக்கவில்லை.

"அந்தப் புள்ள காட்டுன படத்துலயும் இப்பிடித்தான். அழகா இருந்துச்சு. நாமதான் இல்ல," என்றாள் தெய்வானை. மூட்டம் மூடிக்கொண்டது.

அவர்கள் இறங்கியபோது மணி நாலு. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வேலை முடித்த சனம் முழுதும் நின்றது. யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடித்தார்கள். பெண்கள் ஓடிவந்து தெய்வானையின் முகத்தைத் தடவினார்கள்.

கால் குணமானாலும் இனிக் கூடை சுமக்க முடியாது என்றார் டாக்டர். தெய்வானை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் போன பிறகு மகளைக் கிட்ட வரச் சொன்னாள்.

"ஒருத்தியாப் போனது தப்புத்தான். அடுத்த தடவ எல்லாருமாப் போவோம். போறதுக்கு முன்ன என் செவப்புச் சேலய நம்ம கூரையில விரிச்சுப் போட்டுட்டு வா. மேலருந்து தெரியுதான்னு பாப்போம்."