நாற்பத்து மூன்று புள்ளிகள்

இதுதான் கடைசி. இதுவும் திரும்பி வந்தால் இனி எழுதுவதில்லை. அழக் கூடாது... யாரிடமும் சொல்லவும் கூடாது. நாவல் எழுதினாளாமே ஒருத்தி, யார் அவள்? எனக்குத் தெரியாதே...

ஜெராக்ஸ் இயந்திரம் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்க, வஜீஹா மனசுக்குள் தன்னோடு இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை. லஸ் முனையே கரைந்து ஓடிவிடும்போலப் பெய்தது.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி கீது? இது எத்தினியாவது வாட்டி?" என்றாள் கடைக்காரி தங்கபுஷ்பம்.

"அஞ்சாவதுக்கா."

"வுடு. படிக்கத் தெரியாதவன்கிட்டல்லாம் குட்த்தா அப்டித்தான் திருப்பி அனுப்புவான்."

வஜீஹா சிரித்துவைத்தாள். புதுப் பிரதிக்குப் பக்கத்திலேயே கவுன்டரின் மேல் பழைய பிரதியும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு தி.நகரில் ஒரு பதிப்பகம் திருப்பியனுப்பியது. அதன் ஓரங்களில் பென்சில் புள்ளிகள்... மொத்தம் நாற்பத்து மூன்று. தப்பான இடங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் புள்ளி வைப்பார்கள். அவள் அந்த நாற்பத்து மூன்று வரிகளையும் நாவலிலிருந்து எடுத்துவிட்டாள். எடுத்ததில் ஒன்றுகூடத் தப்பி நின்றுவிடக் கூடாதே என்றுதான் இன்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஒருவன் ஓடிவந்தான். மழைக்குப் பயந்து குடையோடு உள்ளே நுழைந்தவன், அந்தக் குடையைக் கவுன்டர் மேலேயே மடக்கினான். சடசடவென்று நீர் கொட்டியது... பழைய பிரதியின் மேல்.

"ஹலோ! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"சாரி, சாரிங்க... நெஜமாவே தெரியல." அவன் கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு வட்டமும் பனி மூடியிருந்தன.

வஜீஹாவுக்கு வேலையே கண்ணாடிக் கடையில்தான். ஒரு நாளைக்கு ஐம்பது ஜோடிக் கண்களாவது பார்ப்பாள். கண்ணாடியைக் கழற்றியவர்களின் கண்கள் எப்போதும் கொஞ்சம் வழி தவறியவைபோல இருக்கும். ஆனால் இந்தக் கண்கள்... வழி தவறியதைப் பற்றிக் கவலையே படாதவை மாதிரி நிதானமாக அவளைத் தேடின. திட்ட நினைத்த அடுத்த வார்த்தை அவளுக்கு மறந்தே போனது.

அவன் கைக்குட்டையால் தாளை ஒற்றினான். கண்ணாடியை மாட்டினான். முதல் பக்கத்தைப் பார்த்தவன் அப்படியே அசையாமல் நின்றான்.

"மழை நின்ற பிறகும் எங்கள் வீட்டுச் சுவர் மூன்று நாள் அழும்," என்றான் மெதுவாக. "அம்மா அதைச் சமாதானப்படுத்துவதில்லை, கூடவே உட்கார்ந்திருப்பாள்."

அவன் தாளைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவில் பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்துச் சொன்னான்.

வஜீஹாவுக்குக் காது அடைத்தது. அவள் எழுதிய வரி... வேறொருவர் வாயிலிருந்து. சிந்தாதிரிப்பேட்டை வீட்டின் பின்னறையில், மாவு அரைக்கும் சத்தத்துக்கு நடுவில் எழுதியது. அது இவ்வளவு நன்றாகவா இருந்தது?

"நீங்கதானா அது?" என்றான் அவன். கை தானாகப் புதுப் பிரதியைப் புரட்டியது. முகம் மாறியது. "இதுல அந்த வரி காணோமே..."

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அதுக்குப் பக்கத்துல புள்ளி வெச்சிருந்தாங்க. தப்புன்னு அர்த்தம்."

"ஐயோ..." அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "எல்லாத்தையுமா எடுத்துட்டீங்க?"

"நாப்பத்து மூணையும்."

"அது நான் வெச்ச புள்ளிங்க! புடிச்ச எடத்துக்கெல்லாம் வெச்சது. திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி அழிக்கணும்... ஆபீஸ் ரூல். எனக்கு மனசு வரல. நான் சஃப்வான்."

எஸ். சஃப்வான். அந்தப் பெயர் அவளுக்கு மனப்பாடம். 'தங்கள் படைப்பை ஆர்வத்துடன் பரிசீலித்தோம். எங்களது தற்போதைய வெளியீட்டுத் திட்டத்தில் சேர்க்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற கடிதத்தின் கீழே நீல மையில் சாய்ந்து நின்ற கையெழுத்து.

"நல்லாருக்குன்னு நெனச்சீங்க. அப்புறம் நீங்களே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினீங்க."

"நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தேன். பேர் தெரியாத பொண்ணு, யார் வாங்குவான்னு மொதலாளி கேட்டார். நான் அதுக்கு மேல பேசல. பேசியிருக்கணும்."

சாக்கு எதுவும் சொல்லாமல் அவன் அதை ஒப்புக்கொண்டதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. சாக்கு சொல்லியிருந்தால் சுலபமாக வெறுத்திருக்கலாம்.

"பழைய பிரதியக் குடுங்க," என்றான். "நானே கையில எடுத்துட்டுப் போய் இன்னொரு வாட்டி பேசுறேன்."

"வேணாம். சிபாரிசுல உள்ள போக நான் ஒண்ணும் அட்மிஷன் கேக்கல."

இரண்டு கட்டையும் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். பின்னால் தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது. "இன்னா சார் நீ... அந்த அழுவுற செவுரு எங்க போச்சுன்னு நானே கேக்கலாம்னுகீறேன். அதுக்குள்ள பொண்ண அழுவ வெச்சிட்டியே!"

அழவில்லை. வீடுபோய்ச் சேரும்வரை அழவில்லை.

அன்று இரவு சாப்பிட்டதும் பழைய பிரதியைப் பிரித்தாள். முதல் புள்ளி, இரண்டாம் புள்ளி... இத்தனை நாள் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் கூசியது. இன்று அதே புள்ளிகள். 'அத்தா கோபத்தை இஸ்திரி போட்டு மடித்துவைத்திருந்தார்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சில் கொஞ்சம் அழுந்தியிருந்தது. இங்கே சிரித்திருக்கிறான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு புள்ளிகள், மிக மெல்லியவை. இங்கே தொடவே பயந்திருக்கிறான்.

சட்டென்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கடையில் அவளும் தினமும் புள்ளி வைப்பவள்தானே... புது ஃபிரேமை மாட்டிவிட்டு, கண்மணி எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கண்ணாடியின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி. அந்த இடத்தில்தான் பார்வை தெளிவாக இருக்கும் என்று அர்த்தம். தப்பு என்று யாராவது சொல்வார்களா? தன்னைப் பற்றிய விஷயம் என்றால் மட்டும் ஏன் குற்றமாகவே தோன்றியது? நான்கு பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. அவற்றை முந்திக்கொண்டு அவளே தன்னை நாற்பத்து மூன்று தடவை வேண்டாம் என்றிருக்கிறாள்.

ஒரு வாரம் ஆயிற்று, எல்லா வரிகளையும் மறுபடி உட்கார வைக்க. பிறகு அடையாற்றில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு, யாருடைய பெயரையும் சொல்லாமல், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினாள். எல்லாரையும்போல வரிசையில்.

ஆறு வாரம் கழித்து, மறுபடி மழை பெய்த ஒரு சாயங்காலம், கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு சஃப்வான் வந்தான். குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான்.

"கண்ணாடி மாத்தணும்."

"மயிலாப்பூர்ல வேற கடையே இல்லையா?"

"இருக்கு. ஏழு கடை ஏறி எறங்கிட்டேன். ஒரு கடையிலயும் என்னைத் திட்டல."

சிரிப்பை மறைக்க அவள் ஃபிரேம் தட்டைத் தேடினாள். "யார் சொன்னா இங்க வேலை பாக்குறேன்னு?"

"தங்கபுஷ்பம் அக்கா. சொல்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் திட்டுனாங்க."

அவனை உட்காரவைத்து, ஒரு கறுப்பு ஃபிரேமை எடுத்து அவன் முகத்தில் மாட்டினாள். மார்க்கரைத் திறந்தாள். "நேரா... என் கண்ணப் பாருங்க." தினமும் ஐம்பது பேரிடம் சொல்லும் வாக்கியம். இன்று பாதியில் குரல் தடுமாறியது. அவன் பார்த்தான். மிக நேராக. விளையாட்டே இல்லாமல், ஒரு பக்கத்தைப் படிக்கிற மாதிரி... வலது கண்ணுக்கு ஒரு புள்ளி. இடது கண்ணுக்கு இன்னொன்று.

"அடையாறுலேர்ந்து பதில் வந்துடுச்சு," என்றாள், எதையாவது பேச வேண்டும் என்பதற்காக. "போடுறாங்களாம்."

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "நெஜமாவா!"

"உக்காருங்க, புள்ளி கலைஞ்சிரும். ஒரே ஒரு அத்தியாயத்த வெட்டச் சொல்றாங்க."

"எது?"

"பதினொண்ணு."

"அது வெட்டலாங்க. அதுல ஒரு புள்ளிகூட வெக்கலையே நான்."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கடை முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கியதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போன வாரம் மீட்டிங்ல வேறொருத்தரோட நாவலுக்காக மொதலாளிகூடச் சண்டை போட்டேன். ஜெயிச்சேன். உங்களுக்குப் பேசாதது உறுத்திக்கிட்டே இருந்துச்சு." தலையை நிமிர்த்தினான். "அந்தப் புள்ளியெல்லாம், யார் எழுதினதுன்னே தெரியாம வெச்சது. இப்ப தெரியும். தெரிஞ்சதுலேர்ந்து எனக்கு வேலை ஓடல வஜீஹா... யாரோட பிரதியப் பிரிச்சாலும் அதுல உங்க சுவரத்தான் தேடுறேன். உங்களத்தான்... தேடுறேன்."

மழை கண்ணாடிக் கதவில் கோடு கோடாக இறங்கியது. மேசையின் இழுப்பறை பாதி திறந்திருந்தது. அதற்குள் அந்தப் பழைய பிரதி, ஓரமெல்லாம் நீர் பட்டு உப்பி... தினமும் வேலைக்கு வரும்போது ஏன் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று இன்றுவரை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அவன் அதைப் பார்த்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"என்னால உங்களுக்கு எட்டு மாசம் வீணாப்போச்சு. என் வேலைய நான் முடிக்கவே இல்ல. அதக் குடுங்க... புள்ளியெல்லாம் சுத்தமா அழிச்சுத் தர்றேன்."

வஜீஹா அந்த ரப்பரைப் பார்த்தாள். பிறகு, கண்ணாடிக்குள் தான் வைத்த இரண்டு புள்ளிகளுக்குப் பின்னால் காத்திருந்த அவன் கண்களை.

இழுப்பறையை மெல்ல உள்ளே தள்ளி மூடினாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள். "அது இருக்கட்டும்."