பீரோவுக்குள் ஒரு மூச்சு

அந்தச் சத்தத்தைப் பிரதிபா காலையிலேயே வெட்டி எறிந்திருந்தாள். சாயங்காலம் அது திரும்ப வந்திருந்தது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. "மெதுவா மூச்சை உள்ளே இழுங்க" என்று அவளுடைய குரல் சொல்லி முடித்ததும், அதன் முதுகுக்குப் பின்னால் யாரோ லேசாக மூச்சு இழுக்கிறார்கள், அவ்வளவுதான். பிரதிபா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். சரஸ்வதிபுரத்தில் மதியத்திலிருந்து தூறல் விடவில்லை. மாடியறை முழுக்கக் காயாத துணியின் புழுங்கல் நாற்றமும், திறந்து கிடந்த பீரோவிலிருந்து அந்துருண்டை வாசனையும் கலந்து தலைவலியைக் கொடுத்தது.

மனம் பதறுகிறவர்கள் போனில் கேட்டுத் தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்வதற்காக அவளுடைய கம்பெனி செய்துகொண்டிருந்த செயலிக்கான பதிவு அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லோருக்கும் ஆகவேண்டும் என்று பொத்தான்களை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்திருந்தார்கள். கன்னடத்துக்கு ஆள் கிடைத்தது. கன்னட நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துத் தமிழர்களுக்கு யார் பேசுவது? "நீயே பேசிடு பிரதிபா, உன் வாய்ஸ் சாஃப்டா இருக்கு" என்று மேலாளர் சுதர்ஷன் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார்.

ஸ்டுடியோ எல்லாம் கனவு. பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பேசினாள். துணி எதிரொலியைத் தின்றுவிடும். பிறகு பேச்சுக்கு நடுவே விழுந்த தன் மூச்சுகளைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வெட்டினாள். குரல் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். மூச்சுப் பயிற்சியிலிருந்து மூச்சையே வெட்டுகிறோமே என்று முதலில் சிரிப்புக்கூட வந்தது. இப்போது சிரிக்கத் தெம்பில்லை. "கவலைப்படாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன்" என்று ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லிச் சொல்லி, அவளுக்கு எங்கேயும் இருக்கவே பிடிக்காமல் போயிருந்தது.

போன் அடித்தது. செல்லக்கண்ணு.

ஹனூர்க்காரர். கல்குவாரியில் வெடித்த வெடியில் கண்ணைப் பறிகொடுத்தவர். பொழுது சாய்ந்தால் அந்த வெடி மறுபடியும் காதுக்குள் வெடிக்கும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும். செயலி ஊருக்குப் போவதற்கு முன் கேட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஒத்துக்கொண்டவர் அவர்தான். "நான் பிடின்னா மூச்சைப் பிடிங்க, விடுன்னா மட்டும் விடுங்க. என் குரலை நம்புங்கண்ணா" என்று பிரதிபா சொல்லியிருந்தாள். மனுஷர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. நீங்க பேசறப்ப கூடவே ஒருத்தரு மூச்சு உடறாங்களே, அது யாருங்க?"

"என் மூச்சுதான் அண்ணா. எடிட்டிங்ல மிஸ் ஆயிடுச்சு. எடுத்துடறேன்."

"எடுத்துப்போடாதீங்க. தொணைக்கு ஆளு இருக்கறாப்ல இருக்குது." கொஞ்சம் தயங்கினார். "ஆனா நேத்தெல்லாம் இழுத்து இழுத்து உட்டுச்சு. இன்னிக்கு இழுக்க மட்டுந்தான் செய்யுது."

"என்ன சொல்றீங்க?"

"சம்சாரம் சென்னம்மா போனுல அதைப் போடறேன். நீங்களே கேளுங்க. எனக்கும் நெஞ்சு படபடங்குது."

கரண்ட் போனது. அறை அரையிருட்டானது. ஜன்னல் தகரத்தில் தூறல் மட்டும் பொட்டுப்பொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. போனுக்குள் அவளுடைய குரல், மிருதுவாக, அவளைவிடத் தெம்பாக:

"மெதுவா மூச்சை உள்ளே இழுங்க."

செல்லக்கண்ணு இழுத்தார். அது காதில் கேட்டது.

இன்னொரு மூச்சும் கேட்டது. போனிலிருந்து அல்ல. அவளுக்குப் பின்னாலிருந்து.

பிரதிபா திரும்பினாள். பீரோ. கதவு திறந்தபடி. உள்ளே தொங்கிய புடவைகள் மெல்ல முன்னால் புடைத்தன. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இல்லை. புடவைகள் இன்னும் புடைத்தன.

"அப்படியே பிடிச்சுக்குங்க."

புடவைகள் அசையாமல் நின்றன.

அடுத்து "விடுங்க" வரவேண்டும். அவளே பேசியது. காலையில்கூடக் கேட்டாள். இதோ வரும்.

வரவில்லை.

தூறல். அந்துருண்டை வாசனை. போனுக்குள் செல்லக்கண்ணு மூச்சை விடவில்லை. சொன்னால்தானே விடுவார், பாவி மனுஷர். நம்பிக் காத்திருக்கிறார். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் போதும்.

பிரதிபா வாயைத் திறந்தாள்.

சொல்ல மூச்சு வேண்டும். நெஞ்சுக்குள் துழாவினாள். ஒன்றுமில்லை. வெட்டி வெட்டி எறிந்தது எல்லாம் எங்கே போயிற்று? கடைசியாக எப்போது மூச்சு விட்டாள்? நினைவில்லை. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் இருட்டியது. எதிரே புடவைகள் நெஞ்சு நிறைய மூச்சோடு புடைத்து நின்றன.

விடுங்கண்ணா. விடுங்க. தயவுசெய்து.

போனுக்குள் எதுவோ தடாரென்று விழுந்தது. சென்னம்மாவின் அலறல்: "ஏனுங்க! ஏனுங்க, என்னாச்சுங்க? கண்ணத் தொறங்க!"

அந்த அலறலுக்கு மேலே, மெல்ல, ஆதரவாக, பிரதிபாவின் குரல் கேட்டது.

"கவலைப்படாதீங்க. நான் இங்கேதான் இருக்கேன்."

அது போனிலிருந்து வரவில்லை.