இருதயராஜ் போட்ட முடிச்சு

லைட்மேன் காசிலிங்கத்தின் நிழல் மூன்றாம் நாள் ஓடிப்போனது. பனி ஏரிக் கரையில் விளக்கை நிறுத்திவிட்டு ஒதுங்கப் போன நிழல், பிறகு வரவில்லை. லைட்மேன் ஒருவர் திரும்ப மாட்டார் என்று நுழைவு மையம் தெரிவித்தது. ஒருவர் திரும்பாவிட்டாலும் படப்பிடிப்புக் குழு முழுவதற்கும் விசா கிடையாது.

தயாரிப்பு நிர்வாகி இருதயராஜ் அதைப் படித்துவிட்டுக் காசிலிங்கத்தைக் கூப்பிட்டனுப்பினான்.

அந்த வடதீவு நாட்டுக்குள் ஆள் நுழைவதற்கு முன் நிழல் நுழைய வேண்டும். மையத்தின் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இயந்திரம் மனத்தைப் படி எடுத்துக்கொள்ளும். அந்தப் படிதான் நிழல். இயந்திரத்துக்குள் அந்த நாடு முழுவதும் இருந்தது. தெரு, குளிர், கூலி, போலீஸ், எல்லாம். நிழல்கள் அங்கே போய்ப் படப்பிடிப்பை நடத்தும். பலமுறை ஓட்டிப் பார்த்து இயந்திரம் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். ஆள் திரும்பி வருவாரா?

முன்பு வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குத் திட்டம் என்றால் ஹோட்டல், வண்டி, சோறு கிடைக்கிற இடம். இப்போது திட்டம் என்றால் முடிச்சு. ஆளை ஊரோடு கட்டிவைக்க ஏதாவது ஒன்று. இருதயராஜ் அதில் பேர் வாங்கியவன். கேமரா உதவியாளனுக்குப் பெண் பார்த்து, படப்பிடிப்பு முடிந்த வாரத்தில் முகூர்த்தம் குறித்தான். டான்ஸ் மாஸ்டரின் மகளுக்குப் பெரிய பள்ளியில் இடம் வாங்கினான். மாஸ்டரான அம்மா ஊர் திரும்பிய பிறகுதான் சேர்க்கை. டைரக்டர் அமுதவாணனையும் அவன் விடவில்லை. அடுத்த பட ஒப்பந்தத்தில் தயாரிப்பாளர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பது யாருடைய யோசனை என்று அமுதவாணனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் இருதயராஜின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

காசிலிங்கம் வந்து நின்றான்.

"நான் ஓடல சார். உங்க மெஷினுக்குள்ள எவனோ ஓடுறான்."

"அவனுக்கு உன்னைப் பத்தி உன்னைவிட நல்லாத் தெரியும். தம்பி சும்மாதான இருக்கான்?"

தம்பிக்கு ஸ்டூடியோவில் டிரைவர் வேலை. நாளையே சேரலாம். அண்ணன் ஊர் திரும்பும்வரை வேலை இருக்கும். திரும்பாவிட்டால் இருக்காது. இருதயராஜ் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

காசிலிங்கம் தலையாட்டினான். வாசல்வரை போய்த் திரும்பி, "கன்னுக்குட்டிய கட்டி வச்சிட்டு மாட்ட அவுத்து விடுறீங்க" என்றான்.

"பால் வேணும்ல?" என்றான் இருதயராஜ்.

எல்லோரும் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முடிவைக் கேட்க இருதயராஜும் அமுதவாணனும் மையத்துக்குப் போனார்கள். ஏரி உருக அதிக நாள் இல்லை. இந்தமுறை தவறினால் படம் அடுத்த குளிர்காலத்துக்குப் போகும். தயாரிப்பாளர் அதுவரை நிர்வாகியை வைத்திருக்க மாட்டார்.

"லைட்மேன் திரும்பி வருகிறார்" என்றாள் அதிகாரி. "எல்லோரும் வருகிறார்கள். நீங்கள் வரவில்லை."

இருதயராஜ் சிரித்தான். முந்தைய ஓட்டம் காசிலிங்கம் ஓடியதுமே நிறுத்தப்பட்டதால் இருதயராஜின் முறை வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது என்று அவள் விளக்கினாள். கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வண்டியில் குழுவை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, எதிர்த்திசையில் நடக்கிறான். பெட்டியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

"நான் அப்படி நினைச்சதே இல்ல."

சேர்க்க ஏதாவது முடிச்சு இருந்தால் சொல்லச் சொன்னாள் அதிகாரி.

அவன் சாலிகிராமத்து வீட்டைச் சொன்னான். இயந்திரம் கணக்கில் சேர்த்து ஓட்டியது. நிழல் நடந்தது. இத்தனை வருட வேலையைச் சொன்னான், சங்கத்தில் தன் பதவியைச் சொன்னான். நடந்தது. கடைசியாக மனைவி பெனடிக்டாவைச் சொன்னான்.

"அவர் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறார்" என்றாள் அதிகாரி.

அமுதவாணன் நெடுநாளைக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தான். "ஊருக்கெல்லாம் முடிச்சுப் போட்டியே. உன்னக் கட்ட ஊர்ல ஒண்ணுமில்லயா?"

அமுதவாணனே தன் செல்போனை எடுத்துப் பெனடிக்டாவுக்கு அடித்தான். எண்ணை அவன் எப்போது வாங்கி வைத்தான் என்று இருதயராஜுக்குத் தெரியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல், அவசரப்படாமல் அமுதவாணன் சொன்னான். ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் கேட்டது. பெனடிக்டா அங்கே நர்ஸ்.

"அவர் திரும்பி வர்றதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லுங்கம்மா" என்று முடித்தான்.

"எதுக்கு வரணும்?" என்றாள் பெனடிக்டா. "அவர் அங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

குரலில் கோபம் இல்லை. போன் நின்றது.

அதிகாரி இருதயராஜின் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். இப்போது கேட்டதையும் சேர்த்து மனத்தைப் புதிதாகப் படி எடுக்க வேண்டும் என்றாள். அவன் போய் உட்கார்ந்தான்.

இயந்திரம் சீக்கிரமே முடித்துவிட்டது.

"திரும்பி வருகிறார். எல்லா ஓட்டத்திலும்."

அமுதவாணன் மேசையைத் தட்டினான். "என்னைக்கு வர்றார்?"

"இறங்கிய அன்றே. அடுத்த விமானத்தில்."

"அப்போ ஷூட்டிங்?"

"அது எங்கள் கேள்வி இல்லை" என்று அதிகாரி விசாக்களை அச்சிட்டாள். குழு விசா. பேர் உள்ள அனைவரும் சேர்ந்துதான் நுழைய வேண்டும்.

இருதயராஜ் பெனடிக்டாவுக்குப் போன் செய்தான். எடுக்கவில்லை. டூட்டி முடிந்து அவள் நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் வரவில்லை.

புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் இருதயராஜ் தவிர எல்லோரும் இருந்தார்கள். கேமரா உதவியாளன் கல்யாணப் பெண்ணோடு வந்திருந்தான். காசிலிங்கத்தை அவன் தம்பி ஸ்டூடியோ வண்டியில் கொண்டுவந்து விட்டான். அமுதவாணன் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

இருதயராஜ் அப்போது தன் வீட்டு வாசலில் நின்றான். டூட்டிக்கான வெள்ளைச் சேலை எடுத்துப்போக வந்த பெனடிக்டா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"ஷூட்டிங் போகலையா?"

"மெஷினுக்குள்ள போயிட்டு வந்துட்டேன்."

அவள் செருப்பை மாட்டினாள்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றான்.

"மனசுல ரொம்ப நாளா வச்சிருந்தேன். யாரும் கேக்கல. அன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டார்."

சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.