சண்முகவேல் கட்டிய பெஞ்சு

பெசன்ட் நகர் கடற்கரையில் வந்து இறங்கிய சண்முகவேல், கடலைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். கருவாடு காய்கிற இடத்தில் வேறு என்ன மணக்கும் என்று எதிர்பார்த்தானோ தெரியாது. தி. நகரில் மாமனாரின் ஜவுளிக்கடையில் புடவை மடித்துப் போட்டவனுக்கு, உலகமே புதுத்துணி வாசனை அடிக்க வேண்டும் என்று நினைப்பு.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் கார் வைத்திருந்தவர்கள் அலையில் கால் நனைக்க வருவார்கள். அவர்களுக்கு அங்கே இருந்தது கரீமுல்லாவின் டீக்கடையும், மணலில் அடுப்பு மூட்டி அம்சா போட்ட வறுத்த மீன் கடையும்தான். “இதெல்லாம் ஒரு கடையா” என்று துப்பிவிட்டு, அவற்றின் நடுவில் சண்முகவேல் ஒரு கூல்டிரிங்ஸ் கடை போட்டான்.

அந்தக் கடை ஓடியே ஆக வேண்டும். ஓடாவிட்டால் மறுபடியும் மச்சினன் ஜவஹருக்குக் கீழே புடவை மடிக்கப் போக வேண்டும். அந்த ஜவஹர் இருக்கிறானே, இவனைவிடத் திமிர் பிடித்தவன். வந்த கிராக்கிகள் முன்னாலேயே, “அத்தானுக்குக் கை ஓடாது, வேற ஆளைக் கூப்பிடுங்க” என்பான். செத்தாலும் அங்கே திரும்பிப் போகமாட்டேன் என்று மனைவி தங்கபுஷ்பத்திடம் சண்முகவேல் சத்தியம் செய்திருந்தான்.

திறப்பு நாளன்று காலையில்தான் உட்கார பெஞ்சு இல்லை என்பது அவன் புத்திக்கு எட்டியது. பக்கத்து மணலில் நீள நீளமாகச் சில கட்டைகள், ஒன்றையொன்று தொடாமல் விலகிக் கிடந்தன. அவற்றை இழுத்து வந்து, செங்கல் மேல் வரிசையாக வைத்து, ஜவுளி பண்டலைக் கட்டுகிற மாதிரியே கயிறு போட்டுக் கட்டினான்.

கரீமுல்லா டீ கிளாஸைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

“நைனா, அது தேசப்பனோட கட்டுமரம். அம்சா புருசன். கடலுக்குப் போனான், மரம் மட்டும்தான் கரைக்கு வந்துச்சு. பாடி வர்ற வரிக்கும் கட்டைங்கள சேத்துக் கட்டக்கூடாது. கட்டுனா, மரம் ரெடியாக்கீதுன்னு வந்துடுவான். வந்தா ஒடம்பு கேப்பான்.”

“நீரு டீயை ஆத்தும் வேய்” என்றான் சண்முகவேல். குப்பத்து ஆட்களுக்குப் பிழைக்கத் தெரியாது, பேய் பிடிக்கத்தான் தெரியும் என்று தங்கபுஷ்பத்திடம் சொல்லிச் சிரித்தான்.

மாலை வெயில் சாய்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. கலர் பாட்டில்கள் டப் டப்பென்று திறந்தன. பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனால் கடலை ஒட்டிய ஓரம் மட்டும் காலியாகவே இருந்தது.

“அந்த ஓரத்துல ஆரும் உக்காரமாட்டேங்காவ” என்று தங்கபுஷ்பம் மெதுவாகச் சொன்னாள்.

சண்முகவேல் போய், “அம்மா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க” என்றான். அபிராமபுரத்திலிருந்து வந்த அந்த அம்மாள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

“எப்படி நகர்றது? அங்கதான் ஆள் உக்காந்துண்டிருக்காரே. தொப்பலா நனைஞ்சிருக்கார் பாவம். ஒரு துண்டு குடுங்கோளேன்.”

காலி இடம்தான். கட்டையின் அடியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சண்முகவேலுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த ஓரத்தில் தானே போய் உட்கார்ந்தான்.

அழுகிய பாசி நாற்றம் மூக்கில் ஏறியது. அலைச்சத்தம் நின்றுபோனது.

ஏதோ ஒன்று அவன் தோளில் சாய்ந்தது.

காதுக்குள் ஈரமாக ஒரு குரல் கேட்டது.

“இன்னா கட்டு கட்டிக்கீற. துணி மூட்டயா இது.”

அவன் கை, அவன் சொல்லாமலே கயிற்றைத் தேடிக் கீழே போனது. அந்தக் கை தன்னுடையது போலவே இல்லை. பல்லைக் கடித்து, உடம்பைப் பிய்த்தெடுத்துக்கொண்டு மணலில் போய் விழுந்தான். எழுந்து பார்த்தால், அவன் போட்ட பண்டல் முடிச்சைக் காணோம். அந்த இடத்தில் விரல் நுழையாத இறுக்கத்தில் வேறொரு முடிச்சு இருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து கார்களுக்கு நடந்தார்கள்.

அடையாறு பக்கம் மீன் விற்றுவிட்டு அடுப்பு மூட்ட வந்த அம்சா, தலைக்கூடையோடு அங்கேயே நின்றாள். “இது எங்கூட்டுக்காரரு முடிச்சு” என்றாள்.

“இன்னும் ஒடம்பு கெடைக்கல அவனுக்கு. சீக்கிரம் அறுத்துப் போடு நைனா” என்று கரீமுல்லா கத்தியை நீட்டினார்.

சண்முகவேல் கத்தியைக் கயிற்றில் வைத்தான். அப்போதுதான் அம்பாசடர் ஹாரன் அடித்தது. ஜவஹர் ஷூவில் ஏறிய மணலைச் சபித்துக்கொண்டே வந்தான்.

“என்னத்தான், குப்பையிலதான் உங்களுக்கு எடம் கெடச்சுதா? ஒரு ஈ காக்காயக் காணோம். பேசாம நாளைக்கே வந்துருங்க. புடவை மடிக்க ஆளில்ல.”

கரீமுல்லா சண்முகவேலின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் அவன்தான். உட்காராதே என்று ஒரு வார்த்தை போதும்.

சண்முகவேல் கத்தியை மடித்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து, அந்த ஓரத்து ஈரத்தைப் பக்குவமாகத் துடைத்தான். தூ, இவனெல்லாம் ஒரு மனுஷன்.

“உக்காருங்க மாப்ளே” என்றான்.

ஜவஹர் உட்கார்ந்தான்.

சிரித்துக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்தவன் வெளியே வந்ததுபோல மூச்சை இழுத்துவிட்டான். ஷூவைக் கழற்றி வீசினான். பாதங்களை மணலில் அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

தங்கபுஷ்பம் கடைக்குள்ளிருந்து கலர் பாட்டிலோடு ஓடி வந்தாள். “தம்பி, குடிப்பா.”

அக்காவை யாரோ எவளோ என்பதுபோல அவன் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி அம்சாவைப் பார்த்தான்.

“இன்னா பாத்துக்கினு நிக்கிற. பசிக்குது. சோறு ஆக்கலியா?”

அம்சா கூடையை இறக்கினாள். அழவில்லை, கத்தவில்லை. குனிந்து அடுப்பில் சுள்ளியை அடுக்கினாள்.

“தோ ஆயிடும். கை கால் கழுவிக்கினு வா” என்றாள்.